ரோஜாப் பாத்தியிலிருந்து குடிசை வாசலுக்கு

கத்தரி கைக்கு வந்த நாள்

பெங்களூரில் பல நாட்டுத் தோட்டங்களை ஒரே வளாகத்தில் வைத்திருக்கும் பூங்கா ஒன்றில் நான் வேலை பார்த்தேன். கேட்டில் நுழைந்ததும் ஜப்பான் தோட்டம். அதை அடுத்து நீர்வாய்க்கால் ஓடும் மொகலாயர் தோட்டம், சிலைகள் நிற்கும் ரோமாபுரித் தோட்டம், கடைசியில் இங்கிலீஷ் ரோஜாத் தோட்டம். நான் சேர்ந்தது ஹெல்பராக. சருகு கூட்டுவது, ட்யூப் இழுப்பது, அவ்வளவுதான். எனக்கு யாரிடமும் பேச வராது. செடிகளோடு இருக்கலாம் என்றுதான் அந்த வேலைக்கே போனேன்.

ரோஜாவுக்குக் கவாத்து செய்யும் ஆள் நின்றுவிட்டபோது சூப்பர்வைசர் நாகராஜ் சார் கத்தரியை என் கையில் கொடுத்தார். "மேரிம்மா, நீங்க பாத்துக்கினே இருக்கீங்க இல்ல, நீங்களே வெட்டுங்க. செத்துச்சுன்னா என் தலை உருளும், அவ்ளோதான்" என்று சிரித்தார்.

செடி எதுவும் சாகவில்லை. நல்ல ரோஜாவைக் காட்டு ரோஜாவின் மேல் ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே, அந்தக் காட்டு ரோஜாவின் வேரிலிருந்து ஒரு குருத்து வரும். அதற்கு சக்கர் என்று பெயர். அதைப் பிடுங்காமல் விட்டால் மேலே இருக்கும் நல்ல ரோஜாவை அது தின்றுவிடும். காலையில் போனதும் என் முதல் வேலை சக்கர் தேடுவதுதான். புருஷன் தவறிய பிறகு, எனக்கு என்று ஒரு வேலை இருப்பதாகத் தோன்றியது அந்தப் பாத்தியில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

அப்புறம் 'நம்ம கிராமம்' என்று புதிதாக ஒரு தோட்டம் போட்டார்கள். ஓலைக் குடிசை, கேழ்வரகுப் பாத்தி, மாவு அரைக்கும் திருகைக்கல், மண் பானைகள். திறப்பு விழாவுக்கு உட்கார வைக்க ஓர் அம்மாள் வேண்டும் என்று விளம்பரப் பிரிவு மேடம் கேட்டார். நாகராஜ் சார் நேராக என்னிடம் வந்தார்.

"சும்மா ஒரு ஞாயித்துக்கெழம, மேரிம்மா. குந்திக்கினு கல்ல சுத்துனா போதும். பேசவே வேணாம். அதான் உங்களுக்குத் தோதுன்னு உங்கள சொன்னேன்."

நான் தலையாட்டினேன். கத்தரியைப் பாத்தி ஓரத்துக் கல்லின் மேல் வைத்துவிட்டு அவர் பின்னால் போனேன்.

மேடம் எனக்குக் கட்டம் போட்ட புடவை கொடுத்தார். கை நிறைய கண்ணாடி வளையல் போட்டார். பெரிய சிவப்புப் பொட்டை எடுத்தபோது நான் பின்னால் நகர்ந்தேன்.

"ஆன்ட்டி, ஜஸ்ட் ஒரு ஸ்டிக்கர்தான். யாருக்குத் தெரியப்போவுது?"

எனக்குத் தெரியும். புருஷன் போன நாளிலிருந்து என் நெற்றி வெறும் நெற்றி. ஆனால் மேடத்தின் விரல் அதற்குள் என் நெற்றியில் இருந்தது. குடிசை வாசலில் 'ரங்கஜ்ஜி' என்று ஒரு பலகை மாட்டினார்கள். கன்னடத்தில் அஜ்ஜி என்றால் பாட்டி. என் பெயர் ஆரோக்கியமேரி. நான் பிறந்தது இதே பெங்களூரில் ஜோகுபாளையத்தில், வாழ்க்கைப்பட்டது விவேக் நகரில். திருகைக்கல்லை அன்றுதான் முதலில் தொட்டேன்.

என்னோடு வேலை செய்த கமலம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏய் மேரி, ஜப்பான் தோட்டத்துல ஒரு ஜப்பான்காரனயாச்சும் குந்த வெச்சானுங்களா? நம்ம ஊருன்னா மட்டும் இன்னாத்துக்குடி ஆளு? பாத்துக்கினே இரு, நாளைக்கு என்ன இட்டுக்கினு போயி அந்தத் துணியில்லாத சிலை பக்கத்துல நிறுத்திடுவானுங்க."

நானும் சிரித்தேன். அந்த ஞாயிறோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முடியவில்லை. என் போட்டோவைப் பெரிதாக்கி கேட்டில் மாட்டிவிட்டு, தினமும் என்னையே குடிசை வாசலில் உட்கார வைத்தார்கள்.

ஸ்டூல்

வருகிறவர்கள் என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். "கரண்ட் இல்லாம ஊர்ல எப்டி அஜ்ஜி இருந்தீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். எங்கள் தெருவில் நான் பிறப்பதற்கு முன்பே விளக்குக் கம்பம் உண்டு. பதில் சொல்லக் கூடாது, சிரித்தால் போதும் என்று மேடம் சொல்லியிருந்தார். சிரித்தேன்.

கூச்சமுள்ளவளுக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று சொல்லத் தெரியவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் யாராவது திரும்பிப் பார்த்தால்கூட முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றும். பொட்டை எடுத்த பிறகும் அந்த இடம் அரித்துக்கொண்டே இருக்கும்.

தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி வீங்கியது. ஒரு ஸ்டூல் கேட்டேன்.

"கிராமத்துல ஸ்டூல் ஏது ஆன்ட்டி?" என்றார் மேடம். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார்.

மழை விட்டது. கவாத்துக் காலம் வந்தது. நாகராஜ் சாரைத் தேடிப் போய், மறுபடியும் தைரியம் வரவழைத்து ஒன்றை வாய்விட்டுக் கேட்டேன். "சார், என்ன ரோஜாவுக்கே அனுப்பிடுங்க."

"எங்க அனுப்புறது? கேட்ல உங்க மூஞ்சிதான் இருக்கு. ஜனம் வந்து அஜ்ஜி எங்கன்னு கேக்குது. இந்த சீசன் போகட்டும், நானே அனுப்புறேன்."

அந்த வார்த்தையை நம்பி அந்த சீசனையும் அடுத்த சீசனையும் கல்லைச் சுற்றியே ஓட்டினேன்.

பொம்மை

ஒரு நாள் இரண்டு பேர் வந்து என்னை எல்லாப் பக்கமும் படம் எடுத்தார்கள். தோள், கை, முகம் எல்லாம் டேப் வைத்து அளந்தார்கள். ஜாக்கெட் தைக்க என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் லாரியில் ஒரு ஃபைபர் பொம்மை வந்து இறங்கியது. அதே புடவை, அதே பொட்டு. முகம் என்னுடையது.

எனக்கு வருத்தம் இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. இனி அது உட்காரும், நான் பாத்திக்குப் போகலாம். வளையல்களைக் கழற்றி மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக நாகராஜ் சாரிடம் போனேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கார்டன் வேலை வேற காண்ட்ராக்டுக்குப் போயிடுச்சும்மா. அவங்க ஆளுங்கதான் எல்லாம். நீங்க டிஸ்ப்ளே ஆளு இல்ல? டிஸ்ப்ளேவுக்குத்தான் இப்ப பொம்ம வந்துடுச்சே."

அந்த வாரத்தோடு என்னை நிறுத்திவிட்டார்கள்.

டிக்கெட் எடுத்துப் போனது

போன மாதம் கமலம்மா பிடிவாதமாக என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். டிக்கெட் எடுத்து, பெரிய கேட் வழியாக நான் உள்ளே போனது அன்றுதான். வேலை பார்த்த நாட்களில் எங்களுக்குப் பின் வாசல்தான்.

குடிசை வாசலில் பொம்மை சிரித்துக்கொண்டிருந்தது. அதன் மடியில் ஒரு குழந்தையை உட்கார வைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கோங்க. ஃபோட்டோல வர்றீங்க" என்றாள் குழந்தையின் அம்மா.

கமலம்மா வாயைத் திறக்கப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

ரோஜாத் தோட்டத்தில் செடிகளை மெஷின் வைத்து வேலி மாதிரி மட்டமாக வெட்டியிருந்தார்கள். மூலைப் பாத்தியில் நான் வளர்த்த செடியின் அடியிலிருந்து சக்கர் ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. மேலே நல்ல ரோஜா பாதி காய்ந்திருந்தது. குனிந்து அந்தக் காட்டுக் குருத்தை வேரோடு பிடுங்கப் பிடித்தேன்.

விசில் சத்தம் கேட்டது. ஒரு செக்யூரிட்டி ஓடி வந்தார். "அம்மா! செடிய தொடக்கூடாது. போர்டு போட்டிருக்கு இல்ல?"

"தெரியாம தொட்டுட்டேன் சார்" என்றேன். கையில் முள் ஏறியிருந்தது. முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

தோட்ட வேலைக்கு வரும் பெண்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான். உன் கையில் இருக்கும் வேலையை ஒரு நாளைக்குத்தானே என்று யாராவது கீழே வைக்கச் சொன்னால், அது எப்போது திரும்பக் கிடைக்கும் என்று அங்கேயே நின்று கேள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, கேள்.

நான் அப்படிக் கேட்காமல் கத்தரியைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனேன். டிக்கெட் எடுத்துப் போன அன்றும் அந்தக் கல் அங்கேதான் இருந்தது. அதன் மேல் யாரோ குடித்துப் போட்ட பேப்பர் கப் ஒன்று கிடந்தது.