சால்வையைக் கழற்றவைத்த என் வாய்

போன வருடம் கிள்ளானில் ஒரு கல்யாணம். காரைத் தள்ளி நிறுத்திவிட்டு மண்டபத்துக்கு நடக்கவேண்டும். என் மனைவி வழக்கம்போலத் தாலிக்கொடி தெரியாமல் சால்வையைப் போர்த்தி ஊக்கு குத்திக்கொண்டாள். மண்டபத்துக்குள் போகும்வரை இங்கே மலேசியாவில் பல பெண்கள் அப்படித்தான். எனக்கோ வாய் சும்மா இருக்காது.

“என்னா, கிள்ளான்ல பனி பெய்யுதா? நாலு எட்டு நடக்க இந்தப் போர்வை எதுக்கு லா?”

“உங்க வாய் இருக்கே!” என்று சிரித்தபடி கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

பத்தடிகூடப் போகவில்லை. பின்னால் வந்த மோட்டார் சைக்கிளிலிருந்து ஒரு கை நீண்டு கொடியைப் பிடித்தது. அது அறுவதற்குள் அவளைத் தரையோடு இழுத்துப் போட்டுவிட்டது. போலீசில் புகார் கொடுக்கும்போதும் சால்வை என் தோளில்தான் கிடந்தது, பொன்னாடை வாங்கிய தலைவர் மாதிரி.

தோள் எலும்பு முறிந்ததில் அவளுடைய வலது கை இன்னும் மேலே எழவில்லை. கழுத்தில் இப்போது மஞ்சள் கயிறுதான். ஆனாலும் வெளியே கிளம்பினால் சால்வை வேண்டும். வாயை மூடிக்கொண்டு நானே போர்த்தி ஊக்கு குத்திவிடுகிறேன். பாதி நேரம் என் விரலில்தான் குத்துகிறது. முன்பென்றால் அதற்கே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது, வாசலில் மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள்.