என்ன பேரு போடட்டும்?

முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கு விடுகிறது. ஒன்றே முக்காலுக்கெல்லாம் குஞ்சிதபாதம் மந்தாரக்குப்பம் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுகிறார். பஸ் ஏறுவதற்காக அல்ல. சுரங்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்கிறார். அவரைக் கண்டதும் பாதிப் பேர் திரும்பிக்கொள்கிறார்கள். ஒருவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைக்கிறார். ஒருவர் குனிந்து செருப்பைச் சரிசெய்கிறார். இன்னொருவருக்கு அந்த நேரம் பார்த்து வானத்தில் ஏதோ தெரிகிறது.

கடைத்தெருவில் ஒற்றை அறையில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருப்பவர் அவர். சர்க்கரை, சளி எல்லாம் பார்ப்பார். ஆனால் நெய்வேலி ஆண்கள் அவரிடம் ஒளிந்து ஒளிந்து போவது மேகநோய், அதாவது சிபிலிஸ், இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். கம்பெனி ஆஸ்பத்திரியில் இதே சோதனையைச் சும்மாவே செய்வார்கள், நன்றாகவும் செய்வார்கள். ஆனால் அங்கே மெடிக்கல் புக்கைக் காட்ட வேண்டும். புக்கில் பெயர் இருக்கும். எங்களுக்கு நோயைவிட அந்தப் பெயர் பற்றித்தான் பயம்.

அதைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் குஞ்சிதபாதம். "உங்க பேரு என்ன?" என்று அவர் கேட்டதே இல்லை. சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், "என்ன பேரு போடட்டும்?" என்பார். வாயில் முதலில் வருவதைச் சொல்லலாம். பெரும்பாலும் ராமசாமிதான் வரும். "நம்மூர்ல ராமசாமிங்களுக்குத்தாங்க சீக்கு ஜாஸ்தி" என்று சிரிக்காமல் சொல்வார்.

தெருவில் எதிர்ப்பட்டால் வணக்கம் கூடச் சொல்லமாட்டார். "வெளிய வந்தா எனக்கு யாரையும் தெரியாதுங்க. தெரிஞ்சிகினா அவுங்க பொழப்பு போயிடும்."

முழங்கையில் ரத்தம் எடுத்து உறைய வைப்பார். மேலே தெளியும் நீரைச் சுடவைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு மருந்து சேர்த்து நான்கு நிமிடம் ஆட்டுவார். பிறகு லென்ஸில் கண்ணை வைப்பார். "மோர் திரிஞ்சாப்ல திரிதிரியா நின்னுதுன்னா இருக்குதுன்னு அர்த்தம்." இருபது வருடமாக ஆட்டி ஆட்டி, சும்மா பேசிக்கொண்டிருக்கும்போதும் அவருடைய வலது மணிக்கட்டு தானாகச் சுழலும்.

இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு ஒரு பிரசங்கம் உண்டு. "புண்ணு வலிக்காதுங்க. தானா ஆறிடும். போயிடுச்சின்னு நெனச்சிடாதீங்க, உள்ள போயி ஒக்காந்துகினு இருக்குது. பெனிசிலின் ஊசி போட்டா தீந்துபூடும். ஆனா நீங்க மட்டும் போட்டுகினு வூட்டுக்குப் போனா பிரயோசனம் இல்ல. வூட்ல இருக்கறவங்களுக்கும் போடணும். இல்லன்னா வயித்துல இருக்கற புள்ளையத்தான் அது மொதல்ல புடிக்கும்."

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். போன பொங்கல் கழிந்த வாரம் நானும் ஒரு ராமசாமிதான். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கடலூரில் செய்த ஒரு மடத்தனம் தூங்கவிடவில்லை. எனக்கு முன்னால் ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். காக்கிச் சட்டை, சுரங்கத்துக் கரி படிந்த நகங்கள், கான்ட்ராக்ட் ஆள். "பர்மனெண்ட் லிஸ்ட்டு வரப்போவுதுங்க, இது வெளிய தெரிஞ்சா பேர அடிச்சிடுவாங்க" என்று குஞ்சிதபாதத்திடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். "வூட்ல வேற நாலு மாசங்க." அவனும் ராமசாமி என்றுதான் சொன்னான். நான் சிரித்தேன். பிறகு எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை.

மாலையில் அவன் முதலில் வந்து ராமசாமி சீட்டைக் கேட்டு வாங்கிப் போய்விட்டான். எனக்கு வந்த சீட்டில் நோய் இருந்தது. இரண்டு நாள் பைத்தியம் பிடித்தவன் போல அலைந்தேன். வடலூர் டாக்டர்தான் எதற்கும் இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். பார்த்தபோது என் ரத்தம் சுத்தமாக இருந்தது. குஞ்சிதபாதம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப அவுரு?" என்றார்.

ஆம், அவன் என் நல்ல சீட்டை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டான். அவன் பெயர் தெரியாது. எந்த ஊர், எந்தக் கான்ட்ராக்டர், எதுவும் தெரியாது. எதையும் கேட்காததுதானே அந்த இடத்தின் மரியாதை. நான் கொண்டுவந்து கொடுத்த சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்றிலிருந்து குஞ்சிதபாதம் இந்த நிறுத்தத்தில் நிற்கிறார். "இப்ப அஞ்சு மாசம் நடக்குது" என்பார். பிறகு ஆறு, ஏழு. "இப்ப கெடச்சாலும் ஊசி போட்டுடலாங்க" என்று எட்டாம் மாதமும் சொன்னார். கூட நிற்கலாமே என்று எனக்குத் தோன்றியது. என்னை யாராவது அவரோடு பார்த்துவிடுவார்களே என்று போகவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஆனி மாதக் கடைசியில்தான் போய் நின்றேன். கடலூர் பஸ்ஸிலிருந்து அவன் இறங்கினான். பின்னாலேயே அவன் மனைவி. பிரசவமாகிப் பத்து நாள்கூட இருக்காது, முகம் அப்படி வெளுத்திருந்தது. ரவிக்கை பால் கசிந்து நனைந்திருந்தது. கையில் ஒரு துணிப்பை மட்டும். குழந்தை இல்லை.

குஞ்சிதபாதம் என் கையைப் பிடித்தார், விட்டார். பிறகு நேராக அவன் முன்னால் போய் நின்றார். "சார், அன்னிக்கி உங்க சீட்டு…"

"யாருங்க நீங்க?" என்றான் அவன். நோய் இல்லை என்று கேட்டுவிட்டுப் போனவன். அவரைத் தெரியும் என்று மனைவி எதிரில் எப்படிச் சொல்வான்?

அவர் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். வியர்வை பட்டு மடிப்பெல்லாம் இற்றுப்போயிருந்தது. அவன் அதை வாங்கவே இல்லை. நீட்டிய கை அப்படியே நிற்பதைப் பார்த்து அந்தப் பெண்தான் வாங்கினாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ராமசாமின்னு போட்டிருக்குதுங்களே. இவுரு பேரு வெள்ளைச்சாமிங்க. வேற யாருதோ போல." இரண்டு கையாலும் அதைத் திருப்பிக் கொடுத்தாள். "பத்தரமா வச்சிருந்து குடுத்துடுங்க, பாவம்."

"அம்மா, இது…" என்று ஆரம்பித்தார் குஞ்சிதபாதம். அவன் அவளை முழங்கையில் பிடித்து, கிளம்பிக்கொண்டிருந்த வேறொரு பஸ்ஸில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டான். பஸ் நகர்ந்தது. இவர் பத்தடி கூடவே ஓடினார். அறுபதை நெருங்குகிற மனிதர். மூச்சு வாங்க, சாலையோர மதகில் உட்கார்ந்தார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிரவில்லை. சீட்டை முழங்கால் மேல் விரித்து, பேனாவைத் திறந்து, ராமசாமி என்பதை ஒரே கோடாக அடித்தார். அதற்கு மேலே, தானாகச் சுழலும் மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, வெள்ளைச்சாமி என்று எழுதினார்.