பின்சீட்டில் ஆள் ஏறினால்

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த என்னைப் பேருந்து நிலையத்திலிருந்து கூட்டிப்போக மாமாதான் வந்தார். அம்மாவின் தம்பி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பையை முதுகில் மாட்டிக்கொண்டு அவருடைய பழைய மோட்டார் சைக்கிளில் ஏறினேன். முதல் வளைவிலேயே பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுத்தது.

"மாமா, வண்டி ஆடுது."

"ஊர் பூரா ஆடிட்டு வந்தவ நீ. உனக்கு எல்லாமே ஆடும்."

ஆனாலும் வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். கடகடவென்றது. பேரிங் தேய்ந்திருந்தது. அவர் ஒற்றை ஆளாக ஓட்டும்போது அது தெரியாது. பின்னால் கனம் ஏறினால்தான் காட்டும். அவர் பின்னால் யாரும் ஏறி வெகுகாலம் ஆகியிருந்தது.

பேத்தியைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்கு என்று அத்தை கிளம்பியபோது அது மூன்று மாதத்துப் பேச்சு. பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சண்டை ஒன்றும் இல்லை. திரும்பி வா என்று இவர் கூப்பிடவில்லை, வருகிறேன் என்று அவரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்கிற படுக்கை விரிப்பை, மாமா நுனியைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு தனியாகவே மடிப்பார். சலவைக்கூடத்தில் பழகிய வித்தை. வீட்டிலும் அப்படித்தான். மடித்து முடித்து, எதிரே யாரோ வாங்கிக்கொள்வார்கள் என்பதுபோல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பார்.

சனிக்கிழமை மத்தியானம் தையல் மிஷினை எடுத்துப்போக அத்தை வருவதாக இருந்தது. பேருந்து நிலையத்திலிருந்து வண்டியிலேயே கூட்டிவரப் போவதாக மாமா சொன்னார். முகம் பார்த்துப் பேச அவருக்கு வராது. வண்டி ஓட்டினால் பேச்சு வரும். "வர்ற வழியில கேட்டுடுவேன், இங்கயே இருந்துடுன்னு" என்றார். அதற்குள் சக்கரத்தைச் சரிசெய்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு அவசரம்.

முந்தின நாளே புது பேரிங் இரண்டையும் ஃப்ரீசரில் வைத்திருந்தார். குளிரில் கொஞ்சம் சுருங்குமாம், சுலபமாக இறங்குமாம். அந்த ஃப்ரீசரில் வேறு எதுவும் இருந்ததில்லை.

சனிக்கிழமை காலை சக்கரத்தைக் கழற்றிப் பழைய பேரிங்குகளைத் தட்டி எடுத்தார். புதியதைப் பொருத்தும்போது வெளிவளையத்தில் மட்டும்தான் அடிக்க வேண்டும். அதில் அவர் கை பிசகவே இல்லை. மனசுதான் வேறெங்கோ இருந்தது. "'இருந்துடு'ன்னு கேட்கலாமா, இல்ல 'இருக்கியா'ன்னா?" என்று ஒவ்வொரு அடிக்கும் நடுவே என்னைக் கேட்டார். இரண்டாவதும் உட்கார்ந்தது. சக்கரத்தை மாட்டி நட்டை இறுக்கினார். சக்கரம் சுற்றவில்லை.

இரண்டு பேரிங்குக்கும் நடுவில் நிற்க வேண்டிய இரும்புக் குழாய், விரித்துப் போட்ட செய்தித்தாள் மேலேயே கிடந்தது. அது இல்லாவிட்டால் இறுக்க இறுக்க இரண்டும் உள்ளே நெருக்கிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன்னைப் பேசவிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார். பேசியதெல்லாம் அவர்.

பொருத்தியதை வெளியே எடுக்க உள்வளையத்தில்தான் அடித்தாக வேண்டும். அடித்தால் உள்ளிருக்கும் குண்டுகள் கெட்டுவிடும். ஒரு புது பேரிங் அப்படிப் போனது. கடைக்கு நடந்தே போய் இன்னொன்று வாங்கிவந்து, குழாயை வைத்து, பொருத்தி, சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினார். நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது.

வாசலில் நின்று பார்த்தேன். தெருமுனையில் வண்டி ஆட்டமே இல்லாமல் திரும்பியது. இருவருக்கும் நடுவில் அத்தையின் பை. அத்தை இறங்கியதும் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"இப்ப ஆடலையே. மாத்திட்டீங்களா?"

"இந்த ஊர்சுத்தி சொன்னா" என்று மாமா என்னைக் காட்டினார்.

"சரிதான். நான் இங்க இருந்தவரைக்கும் சொன்னேன். நான்தான் குண்டாயிட்டேன்னு சிரிச்சீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாமா சாவியைச் சட்டைப்பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். வழியில் கேட்டாரா என்று அவர் முகத்தில் தேடினேன். கேட்டிருக்கவில்லை.

சாயங்காலம் மிஷினைப் பேருந்து நிலையத்துக்கு ஏற்றிப்போகச் சின்ன வேன் வந்தது. மாமாவும் டிரைவரும் படியில் அதை இறக்கினார்கள். பாதிப் படியில், மிஷினுக்குப் பின்னால் முகம் மறைந்திருக்க, மாமா கேட்டார்.

"இது இங்கயே இருக்கட்டுமே."

அத்தை, "தைக்கிற துணியெல்லாம் அங்கதான இருக்கு" என்றார்.

"ஆமா, ஆமா" என்றார் மாமா. அடுத்த படியைக் காலால் துழாவினார்.

மிஷினைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அத்தை வேனிலேயே ஏறிக்கொண்டார். மாமா வண்டியில் பின்னாலேயே போனார்.

அவர் திரும்பி வந்தபோது, அத்தைக்குப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று கேட்டேன்.

"தெரியல. சாமான் ஏத்துற பக்கம் நின்னுட்டேன். அவ அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தா."