யாரும் அழைக்காத வரிகள்

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நானும் என் நண்பனும் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தோம். அவன் பசுவந்தனைக்காரன். வீட்டில் எல்லோரும் ஆடு மேய்க்கிறவர்கள். பழைய கம்ப்யூட்டர்களில், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ஓர் இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுப்போம்.

ஒரு வகை கிராபிக்ஸ் கார்டில் மட்டும் திரையில் சிவப்பு நிறம் நீலமாகத் தெரிந்தது. அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் என்ற நிரலில்தான் கோளாறு. அவன் அதைக் கண்டுபிடித்துத் திருத்தினான். சரியாகிவிட்டதா என்று பார்க்க, திரை முழுக்க வண்ணப் பட்டைகள் போடும் சிறிய சோதனை நிரலும் எழுதினான். டிரைவரைப் பராமரித்த வெளிநாட்டுக்காரர், அவன் அனுப்பிய இரண்டையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

"ஏலே, நாம எழுதுனது ஒலகம் பூரா ஓடப்போவுதுலே!" என்று பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த மழைக்காலத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. தூத்துக்குடிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் கைமீறிவிட்டது.

சில வருடம் கழித்து அந்த வெளிநாட்டுக்காரர் எனக்கு எழுதினார். அந்தச் சோதனை நிரலை டிரைவரில் எந்த இடமும் அழைத்துப் பயன்படுத்துவதில்லை, நீக்கிவிடலாமா என்று கேட்டிருந்தார். தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். வேறு யாரும் அதில் கைவைக்க வேண்டாமென்று, நானே நீக்குவதாகப் பதில் போட்டேன்.

நாகலாபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்த அவன் தங்கையை வரச்சொல்லி, அதை ஒருமுறை ஓட்டிக் காட்டினேன். பட்டைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இவ்ளோதானா அண்ணாச்சி?"

"இவ்ளோதாம்மா."

"இத எடுத்துட்டா படம் தெரியாதோ?"

"தெரியும். இது இல்லாமலே நல்லாத்தான் ஓடுது."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப எடுத்துருங்க. நாங்களும் அண்ணன் இல்லாமத்தான ஓட்டுதோம்."

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். நிரலுக்கு மேலே அவன் எழுதிய விளக்கத்தில் ஓர் ஆங்கிலச் சொல் பிழையாக இருந்தது. அழிக்கப்போகிற வரிதான் என்று தெரிந்தும் அதைத் திருத்தக் கை போனது. திருத்தவில்லை. அப்படியே அழித்து அனுப்பினேன்.

பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாரேன் அண்ணாச்சி" என்று திரும்பிப் போனார்.