கவிழ்த்து வைத்த தட்டு

செங்கல்பட்டு மின்சார ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மா, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒற்றைக் கட்டைவிரலால் போனில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். நானும் நாவலாசிரியன்தான். என் நாவலை என் மனைவியே பாதியில் மூடிவிட்டாள். அதையும் சொல்லியே பேச்சுக் கொடுத்தேன்.

அவர் கதை ஒரு கடல் ராஜ்ஜியத்தில் நடக்கிறது. அங்கே ஒருவர் பயணம் போனால் அவருடைய சாப்பாட்டுத் தட்டை வீட்டில் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். திரும்பி வந்து அவரேதான் நிமிர்த்த வேண்டும்.

"எங்கேம்மா புடிச்சீங்க இத?"

"கடப்பாக்கத்துல எங்க வூட்டு வழக்கம் சார். படிக்கிறவங்கோ இன்னாடான்னா, சண்டைக்குப் போன தளபதிய சாவடிக்கச் சொல்றாங்கோ."

"சாவடிச்சிடுங்க. என் கதைல மொத பக்கத்துலயே நாப்பது பேரு காலி."

"அதான் உங்க வூட்ல மூடிட்டாங்க," என்றார் சிரிக்காமல். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்க வூட்லயும் ஒரு தட்டு கவுந்துகினு கீது. அவரு கப்பல்ல கீறாரு. தளபதிய கொல்ல கை வர்ல சார்."

அதன்பின் அவரைப் பார்க்கவில்லை. தொடரை மட்டும் வாரம் தவறாமல் படித்தேன். தளபதி வருவதாகவே காணோம். போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, தட்டை நிமிர்த்திவிட்டான். சப்பென்று முடிந்துவிட்டதாக எல்லோரும் கீழே கமெண்டில் திட்டியிருந்தார்கள்.

நான் மட்டும் கேட்டிருந்தேன்: "அண்ணாத்த சாப்ட்டாரா?"