கதவைப் பார்க்காமல் பூட்டு கொடுத்ததில்லை

பூட்டு வியாபாரத்தில் ஒரு சங்கடம் உண்டு: நல்ல பூட்டாக விற்றுவிட்டால் அந்த ஆள் மறுபடி கடைப் பக்கமே வரமாட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளிலும் முப்பதுகளிலும் கோட்டாற்றில் பூட்டு, தாழ்ப்பாள், கைப்பிடி விற்றுப் பிழைத்தவன் நான். வாங்க வருகிறவருக்கு எல்லாம் தெரியும், விற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. கடை வைத்த உங்களுக்கு இது புதிதா என்ன? ஆனாலும் ஒரு பிடிவாதம் வைத்திருந்தேன். வீட்டுக்குப் போய்க் கதவைப் பார்த்த பிறகுதான் சாமான் எடுத்துக் கொடுப்பேன்.

குளச்சல் காற்று

குளச்சலில் கடலை ஒட்டிப் புது வீடு கட்டினார் கருவாட்டு வியாபாரி மீரான் காக்கா. ஆனை இழுத்தாலும் அசையாத இரும்புப் பூட்டு வேண்டும் என்றார். "உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும், பித்தளை போடுங்க" என்றேன். "கடக்கரையிலே பொறந்தவனுக்குக் கோட்டாத்துக்காரன் படிப்பிச்சுத் தாறியா?" என்று கோபித்து வேறு கடைக்குப் போய்விட்டார்.

அடுத்த மழைக்காலம் கழிந்து அவர் மகளுக்கு நிக்காஹ். அன்று காலையில் பெண்ணின் நகையும் துணியும் இருந்த அறையின் துருவேறிய இரும்புப் பூட்டுக்குள் சாவி முறிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில். பெண் பழைய சேலையில். வண்டி அனுப்பி என்னை அழைத்துப் போனார்கள். எண்ணெய் விட்டும் அசையவில்லை. பூட்டு மாட்டியிருந்த கொண்டியை அரத்தால் அறுத்துத் திறந்தேன். மறுவாரமே வீடு முழுக்கப் பித்தளை மாட்டினேன். காக்கா பக்கத்தில் நின்று சொன்னார்:

"மீனைப் பத்தி எங்கிட்டே கேளும் வேய், கதவைப் பத்தி இனி நான் வாயைத் தொறக்க மாட்டேன்."

உள்பக்கத் தாழ்

பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஞானம்மாள் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். பெரிய பூட்டு ஒன்று கேட்டு வந்தார். வழக்கம்போல் போய்ப் பார்த்தேன். கதவில் ஏற்கெனவே நல்ல பூட்டு தொங்கியது. "இதுக்கு என்ன கேடு, டீச்சர்?" என்றேன்.

டீச்சர் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "பூட்டுக்குக் கேடில்லே அண்ணாச்சி. வீட்டுக்காரர்ட்டே இன்னொரு சாவி இருக்கு. நான் குளிச்சிட்டு நிக்கும்போதும் தொறந்து உள்ளே வாறாரு" என்றார். உள்ளே தாழ் என்று பெயருக்கு ஒரு மரக்கட்டை இருந்தது, தள்ளினால் விழுந்துவிடும். வெளிப்பூட்டை எவ்வளவு பெரிதாகப் போட்டு என்ன? இரண்டு பக்கச் சுவரிலும் இரும்பு வளையம் பதித்து, குறுக்கே ஒரு கம்பி செருகும்படி செய்தேன். வெளியே மாட்டிய புதுப் பூட்டின் இரண்டு சாவியையும் டீச்சர் கையிலேயே கொடுத்தேன்.

மறுநாள் வீட்டுக்காரர் கடைக்கு வந்து கத்தினார். "என் வீட்டிலே ஆணியடிக்க நீ யாருலே?" தெரு கூடிவிட்டது. பெரிய இடத்து மனிதர். ஆனாலும் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்: "டீச்சர் உள்ளே இருக்கும்போது தொறக்க உமக்குச் சாவி எதுக்குன்னு இவங்ககிட்டே சொல்லும். இப்பமே கழட்டிருதேன்." அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு போனவர்தான். அந்த வாரக் கடைசியில் டீச்சர் கடை வழியே போனார். நின்று, ஒன்றே ஒன்று சொன்னார்:

"நேத்து குளிச்சி, தலை காயுற மட்டும் சும்மா உக்காந்திருந்தேன் அண்ணாச்சி."

பீங்கான் குமிழ்

இதில் தப்பு என்னுடையது. கொழும்பிலிருந்து திரும்பிய துரைசாமி, ஆரல்வாய்மொழியில் கட்டிய வீட்டுக்கு திருகித் திறக்கிற வெள்ளைப் பீங்கான் குமிழ் கேட்டார். கதவைப் பார்த்தேன், வீட்டு ஆட்களைப் பார்க்கவில்லை. எல்லா அறைக்கும் மாட்டிவிட்டுப் பெருமையாகத் திரும்பினேன்.

ஒரு குமிழ் ஆடுகிறதென்று ஆள் வந்தது. மறுநாள் போனால், வெளிக்கதவு சும்மா சாத்திக் கிடந்தது; உள்ளறைக் கதவை யாரோ முழங்கையால் இடிக்கிற சத்தம். துரைசாமியின் தகப்பனார், கல்லுடைத்து விரலெல்லாம் மடங்கிப்போனவர். அந்த ஊர்க் காற்றுக்குக் கதவைச் சாத்தித்தான் வைக்க வேண்டும். வழுக்குகிற குமிழை அவரால் திருக முடியவில்லை. எல்லோரும் வயலுக்குப் போயிருக்க, காலையிலிருந்து உள்ளேயே கிடந்திருக்கிறார். கதவைத் திறந்தபோது வேட்டி நனைந்திருந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வடசேரிக் கொல்லரிடம் உட்கார்ந்து, உள்ளங்கை அகலத்தில் நீளமான பிடி அடித்து வாங்கினேன். மணிக்கட்டால் அமுக்கினாலே திறக்கும். அதை மாட்டியதும் கிழவர் திறந்தார், சாத்தினார், மறுபடி திறந்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அதட்டினார்:

"ஏலே, ஒருத்தனும் கதவைத் தொடாதீங்கலே, நானே வாறேன்!"

நடுக்கதவு

பாகம் பிரித்த அண்ணன் தம்பி இருவரும் ஒரே நாளில் வந்து, வீட்டின் நடுக்கதவுக்கு அவரவர் பக்கம் தாழ் வேண்டுமென்றார்கள். இரண்டு பக்கமும் போட்டேன். ஒரு மாதம் கழித்து, சரியாக விழுகிறதா என்று பார்க்கப் போனேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. இருவர் மனைவிமாரும் நடுவாசலில் உட்கார்ந்து ஒரே முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் நிமிர்ந்து சொன்னாள்:

"தாழு ரெண்டும் நல்லாத்தான் விழுது அண்ணாச்சி, எங்களுக்குத்தான் போட நேரமில்லே."

திருடர்களை மட்டும் நம்பி இந்தத் தொழிலுக்கு வந்திருந்தால், என் கடையை ஒரே வருஷத்தில் நானே பூட்டியிருப்பேன்.