மணிமேகலையின் பேன் வைத்தியம்

எங்கள் இலுப்பூர்த் தெருவில் பிள்ளைகளுக்குத் தலையில் பேன் என்றால் யாரும் டாக்டரிடம் போவதில்லை, மணிமேகலையிடம்தான் போவார்கள். வீட்டு முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். மணப்பெண் அலங்காரமெல்லாம் உண்டு. ஆனால் அவள் பெயர் வாங்கியது பேனில்தான். வாயும் அதற்குத் தகுந்த வாய். "தலைக்கு மட்டும் மருந்து போட்டாப் போதுமா? தலகாணி ஒறைய யாரு வெந்நீர்ல போடுறது?" என்று தாய்மார்களைக் காய்ச்சி எடுத்துவிடுவாள். அடுத்த வீட்டுக்காரியான நானும் காசு கொடுத்து அந்தத் திட்டை வாங்கியவள்தான்.

அவளுக்குத் திடீரென்று கோழி வளர்க்கும் ஆசை வந்தது. சந்தையில் ஒரு கறுப்புக் கோழி வாங்கி, பழைய பலகைகளில் கூடு அடித்து, வைக்கோல் பரப்பி அடை வைத்தாள். குஞ்சு பொரித்த அன்று தெருவுக்கே கேசரி. ஃபேஷியல் போட்டு ஒருத்தி கண்ணை மூடிக் கிடந்தால், அந்த இடைவெளியில் கொல்லைக்கு ஓடிக் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு வருவாள்.

கொஞ்ச நாளிலேயே குஞ்சுகள் வெளிறிப்போய்ச் சிறகைத் தொங்கப்போட்டு நின்றன. ஒரு காலையில் ஒன்று செத்துக் கிடந்தது. எடுத்துப் பார்த்தால், இறகுக்குள் பொடிப்பொடியாகச் செள்ளுப்பூச்சி ஊர்கிறது. மணிமேகலை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பேன் மாதிரிதானேக்கா? என்கிட்டயேவா!"

"டாக்டரக் கேட்டுக்குவம்டி" என்றேன். கேட்கிற ஆளா அவள்? பேன் ஷாம்பூவைக் கரைத்து ஒரு குஞ்சை முக்கி எடுத்துவிட்டாள். அது வெடவெடவென்று நடுங்கி, கழுத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நானே கொன்னுட்டேனேக்கா" என்று அழுதாள். கால்நடை டாக்டர் ஷீபாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"வெதுவெதுப்பான தண்ணில ஷாம்பூவ அலசிட்டு ஒடனே காய வைங்க. மத்த குஞ்சுகள நனைச்சிராதீங்க!" என்றார் டாக்டர்.

மணிமேகலை அலசித் துடைத்து, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்தாள். குஞ்சைப் பொத்திய தன் கையில்தான் முதலில் சூடு படும்படி வைத்துக்கொண்டாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கண் திறந்தது. கீச் என்றது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

டாக்டர் இன்னும் லைனில்தான் இருந்தார். "குஞ்சுக்கு நீங்களா எந்த மருந்தும் போடாதீங்க, தாங்காது. செள்ளு குடியிருக்கிறதே கூட்டுலதான். பகல்ல பலகைச் சந்துல ஒளிஞ்சுக்கிட்டு ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். வைக்கோல எரிச்சிட்டு, சந்துல எல்லாம் கொதிக்கிற தண்ணி ஊத்தி, சுண்ணாம்பு அடிங்க. நல்லாக் காயிற வரைக்கும் குஞ்சுக அட்டைப்பெட்டியில பல்புச் சூட்டுல இருக்கட்டும். தாயையும் குஞ்சுகளையும் இங்கிட்டு கொண்டுவாங்க, பாத்து நான் மருந்து தாரேன்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப, தலகாணி ஒறைய வெந்நீர்ல போடச் சொல்றீங்க டாக்டர்!"

மணிமேகலை என்னை முறைத்தாள். முறைத்தபடியே போய் வைக்கோலை அள்ளினாள். அன்று பார்லர் திறக்கவில்லை. சுண்ணாம்பு அவள் புருவம்வரை அப்பியிருந்தது.

டாக்டரிடம் காட்டி மருந்தும் வாங்கி வந்தோம். அதற்குப் பிறகு ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. இப்போது அவை கொல்லையைக் கிளறி நாசம் செய்கின்றன.

நேற்று ஒரு தாய், தலையெல்லாம் பேனாக இருந்த மகளைக் கூட்டி வந்தாள். "தலகாணி ஒறைய மாத்துனீங்களா?" என்றாள் மணிமேகலை. அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டைக் கேட்க நானும் ஆசையாகக் காத்திருந்தேன்.

"பரவால்லங்க, எனக்கே பட்டப்புறந்தான் ஒறச்சுச்சு" என்று சொல்லிவிட்டு, தலை அலசிக்கொண்டு நாற்காலியில் இருந்த எதிர்வீட்டு ராக்காயியின் முடியைக் காயவைக்க டிரையரைப் போட்டாள்.

சத்தம் கேட்டதுதான் தாமதம், அன்று நனைந்த குஞ்சு தாயை விட்டுவிட்டுக் கொல்லையிலிருந்து ஓடி வந்து, அவள் காலடியில் சிறகை விரித்து நின்றது.

"ஐயய்ய, கோழி!" என்று ராக்காயி காலைத் தூக்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்கக்கா, இதுக்கு முடிச்சிட்டு வாரேன்" என்று குனிந்து, மணிமேகலை டிரையரை அதன் பக்கம் திருப்பினாள்.